சாக்கடைத் தண்ணியில ஒரு தீ

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி.
தை 11, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதுறது. இங்க நான் நல்லா இருக்கேன். மார்கழிப் பனி விட்டும் முழங்கால் வலி விடல, அதைத் தவிர உடம்புக்கு ஒண்ணுமில்ல, வேளைக்குச் சாப்பிடுறேன், படுத்தா தூங்கிடுறேன். நீ அங்க வெளிநாட்டு உறைபனியில காதை மூடிக்கிட்டுப் போறியா, நெஞ்சுல சளி கட்டாம இருக்கியா, ரொட்டியோட நிறுத்திக்காம ஒரு வேளையாவது சோறு வடிச்சுச் சாப்பிடுறியான்னு அடுப்புப் பத்த வைக்கிறப்பல்லாம் நினைச்சுக்குவேன். சமயபுரத்தா உன் கூடவே இருக்கட்டும்.

கைக்குள்ள போன் இருக்கப்ப எதுக்கு லெட்டருன்னு கேப்ப. ரெண்டு வாரத்துக்கு முந்தி வெள்ளிக்கிழமை நீ கோவமாப் பேசிட்டு வச்சதுக்கு அப்புறம் மூணு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கல. அப்புறம் எடுத்தப்பவும் சாப்டியா தூங்குனியான்னு கேட்டுட்டு வச்சிட்ட. நான் சொல்ல வந்ததைச் சொல்லவே விடல. லெட்டருன்னா நடுவுல வைக்க முடியாதில்ல, பிடிக்கலன்னு மடிச்சு வச்சாலும் எழுத்து உள்ள காத்துக்கிட்டு இருக்கும். பதினோரு வருசமா லாக் புக்குல தேதியும் நம்பரும் எழுதிப் பழகுன கை இது, இவ்வளவு வார்த்தை ஒரே மூச்சா எழுதுறது இதான் முதல் தடவை, பிழை இருந்தா பொறுத்துக்க.

வீட்டு சேதி முதல்ல சொல்லிடறேன். புது பஸ் ஸ்டாண்டு பஞ்சப்பூருக்கு வந்ததுல இருந்து நம்ம பக்கம் எந்நேரமும் ஹாரன் சத்தந்தான், ஆனா எனக்கு வேலைக்குப் போக பஸ் சுலபமாயிடுச்சு. பக்கத்து வீட்டு கமருன்னிசா அக்கா பொண்ணு ஸஹ்ராவுக்கு நோன்புப் பெருநாள் கழிச்சு நிக்காஹ், மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு, உனக்குப் பத்திரிகை போன்ல அனுப்புவாங்க, அனுப்புனா ரெண்டு வார்த்தை நல்லதா எழுது, சும்மா கட்டைவிரல் படத்தைப் போட்டு விட்டுடாத. உன் பைக்கை வாரம் ஒரு தடவை எதிர்வீட்டு அண்ணன் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறாரு. பொங்கலுக்கு வாசல்லயே பானை வச்சேன், உன் பங்குக் கரும்பை அக்கா வீட்டுப் பிள்ளைங்க தின்னுச்சுங்க.

இனி விசயத்துக்கு வரேன். நான் வேலை பாக்குற இடத்தைப் பத்தி நீ ஒரு நாளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வராம ரெண்டு பேருமா சேந்து கதவைச் சாத்தி வச்சிருந்தோம். இப்ப அந்தக் கதவு தானாத் திறந்துக்கிச்சு, அதனால உள்ள என்ன இருக்குன்னு நீயும் பாத்துடு.

நம்ம ஊர்ல ரெண்டு ஆறுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, காவேரி ஒண்ணு கொள்ளிடம் ஒண்ணு. எனக்கு மூணாவதா ஒண்ணு தெரியும். அது பூமிக்கு அடியில ஓடுது. பாலக்கரைத் தெருவுல இருந்தும் உறையூர்ல இருந்தும் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில இருந்தும் குளிச்ச தண்ணி, கழுவுன தண்ணி, எல்லாரும் விட்டுட்டு மறந்துபோன தண்ணி, ஒவ்வொரு பம்பிங் ஸ்டேஷனா ஏறி இறங்கி கடைசியில எங்க வாசலுக்கு வருது. காலையில ஆறு மணிக்கு நான் பாட்டிலை வச்சுக்கிட்டு அது கொட்டுற வாய்ல நிப்பேன். பனிக்காலத்துல தண்ணி மேல ஆவி பறக்கும், தொட்டிச் சுவத்துல கொக்கு வரிசையா உக்காந்திருக்கும், அந்த நேரத்துல பாத்தா அது சாக்கடைன்னே தோணாது தம்பி, ஊரு பெருமூச்சு விடுற மாதிரி இருக்கும். நோன்பு மாசத்துல வழக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தண்ணி கூடும், விடியலுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த வீடுங்க அத்தனையும் அதுல தெரியும். தீபாவளிக்கு மறுநாள் எண்ணெய் மினுக்கும். இந்த வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் பாக்க வந்த ஜனம் எவ்வளவுன்னு பேப்பர்ல படிச்சிருப்ப, நான் பேப்பர் பாக்காமலே சொல்லியிருப்பேன், மறுநாள் தண்ணியிலயே தெரிஞ்சுது. யாரு ஏழை யாரு பணக்காரன், யாரு எந்தச் சாமி கும்பிடுறவங்கன்னு அதுல பிரிச்சுப் பாக்க முடியாது, எல்லாம் ஒண்ணாத்தான் வரும்.

போன ஆடி மாசம் ஒரு காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக்குன்னு ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு மிஷினைக் கொண்டாந்து எங்க ஷெட்டுல வச்சாங்க. கூடவே ஆஃப்ரின்னு ஒரு பொண்ணு, பாலக்கரை, அவங்க அத்தா தகரப் பட்டறை வச்சிருக்காரு, இது டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. சாக்கடைத் தண்ணியில இருந்து எரிபொருள் எடுக்கப் போறேன்னு சொன்னப்ப நாங்க எல்லாரும் சிரிச்சோம். அது கோவிச்சுக்கல, உக்கார வச்சு விளக்குச்சு. மனுசங்க விடுற சிறுநீருதான் போகப் போக அமோனியாவா மாறுது. சேத்தைப் பிழியிற மிஷின் பக்கம் வடியிற தண்ணி இருக்கே, அதுல அது ரொம்பக் கனமா இருக்கும், கிட்டப் போனா கண்ணு எரியும், அது எனக்கு முன்னாடியே தெரியும். அந்த அமோனியாவுக்குள்ள ரெண்டு சாமான் கையைக் கோத்துக்கிட்டு இருக்காம். ஒண்ணு நைட்ரஜன், நாம இழுக்குற மூச்சுல முக்காவாசிக்கு மேல அதுதான். இன்னொண்ணு ஹைட்ரஜன். அந்தத் தண்ணியில காரத்தைச் சேத்து ரெண்டு தகட்டுக்கு நடுவுல விட்டு லேசா கரண்ட் குடுத்தா கோத்த கை விட்டுப்போகும். நைட்ரஜன் வந்த வழியே ஆகாசத்துக்குப் போயிடும், ஹைட்ரஜன் குழாய்ல வரும், அதுதான் எரியும். வெறும் தண்ணியை உடைச்சும் ஹைட்ரஜன் எடுக்கலாமாம், ஆனா தண்ணியில அது பிடிச்சிருக்குற பிடி கெட்டி, கரண்ட் நிறைய வேணும். அமோனியாவுல பிடி தளர்த்தி. இப்ப அந்த அமோனியாவைப் போக்கடிக்கிறதுக்குன்னே ராப்பகலா மோட்டார் போட்டுத் தண்ணிக்குள்ள காத்தடிக்கிறோம், அத்தனை கரண்டும் அழிக்கிறதுக்கே போகுது, அழிக்கிற பொருளை எடுத்தா என்னன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அன்னைக்கு நான் பஸ்ல வீட்டுக்கு வர்றப்ப ஜன்னல் ஓரம் உக்காந்து அதையே யோசிச்சுக்கிட்டு வந்து நம்ம ஸ்டாப்பை விட்டுட்டேன்.

ஆனா மிஷின் ஒழுங்கா ஓடல. நாலு நாள் நல்லா குமிழி விடும், அப்புறம் தேஞ்சு தேஞ்சு நின்னுடும். பிரிச்சுப் பாத்தா தகடு மேல வெள்ளையா பொருக்குப் பிடிச்சிருக்கும். ஆஃப்ரின் சுரண்டும், கழுவும், மறுபடி பூட்டும், மறுபடி நிக்கும். ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. மார்கழி முடியிறதுக்குள்ள பத்து நாள் விடாம ஓடலன்னா மிஷினைத் திரும்ப எடுத்துக்கலாம்னு அவங்க பேராசிரியர் சொல்லிட்டாரு, மூணு வருசப் படிப்பு அதுல மாட்டிக்கிட்டு இருக்கு. ஒரு நாள் மத்தியானம் அந்தப் பொண்ணு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுட்டுச் சாப்பிடாம உக்காந்திருந்தப்ப நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். மிஷின் நின்ன தேதியெல்லாம் சொல்லு பாப்பான்னு கேட்டேன். அது சொல்லச் சொல்ல என் லாக் புக்கைப் புரட்டுனேன். ஒவ்வொரு தடவையும் அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, மெயின் குழாய்ல வேலைன்னு ஊர்ல காவேரித் தண்ணி வராத நாள். காவேரி வராத அன்னைக்கு எல்லா வீட்டுலயும் போர் தண்ணிதான் புழங்குவாங்க, அது உப்பு, நம்ம வீட்டுப் பக்கெட்டுலயே வெள்ளை படியுமே அந்தத் தண்ணி. அந்த நாள்ல நான் சாம்பிள் பாட்டிலைக் கழுவிக் கவுத்தா உள்ள மெல்லிசா சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கும், அதை லாக் புக்கு ஓரத்துலயே ஒரு வரி எழுதி வைக்கிறது என் பழக்கம், யாரும் எழுதச் சொன்னதில்ல, படிச்சதும் இல்ல. ஆஃப்ரின் அந்த நோட்டை ரெண்டு கையாலயும் வாங்கிப் படிச்சுது. அப்புறம் மிஷினுக்கு முன்னாடி ஒரு டிரம்மை வச்சுது. காரத்தை அந்த டிரம்முலயே சேத்தா அந்த வெள்ளை உப்பு அங்கயே அடியில தங்கிடுது, தெளிஞ்ச தண்ணி மட்டும் தகட்டுக்குப் போகுது. மார்கழி பதினாலாந்தேதி ஆரம்பிச்சது, காவேரி வராத ரெண்டு நாளையும் தாண்டி விடாம ஓடுச்சு.

பதினொண்ணாவது நாள் வியாழக்கிழமை காலையில ஒரு சின்னத் தீ எரிச்சுக் காட்டப் போறோம்னு எங்க எல்லாரையும் வரச் சொல்லியிருந்துச்சு ஆஃப்ரின். அன்னைக்குத்தான் நீ கட்டிக்கப்போற சுபலட்சுமி வந்தா.

நீ சொன்னபடி அவ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வரதா இருந்துச்சு. அதுக்காக நீ போன்ல சொல்லிக் குடுத்ததெல்லாம் நான் மனப்பாடமா வச்சிருந்தேன். அம்மா கார்ப்பரேஷன் ஆபீஸ்ல கிளார்க், பட்டுப்புடவை கட்டிக்கணும், கையில தலையில வாசம் வராம பாத்துக்கணும். சரிப்பான்னு சொன்னேன். கண்ணாடி முன்னாடி நின்னு கிளார்க் கிளார்க்னு சொல்லிக்கூடப் பாத்தேன், பத்தாங்கிளாஸ் படிச்ச எனக்கு அந்த வேலை பொருந்துதான்னு பாக்கறதுக்கு. ஆனா அங்கேருந்து லீவுல ஸ்ரீரங்கத்து அம்மா வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பொண்ணு ஏதோ வேலையா நம்ம பக்கம் வந்தவ, ஞாயிறு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வீட்டுக்கு வந்துட்டா. வீடு பூட்டியிருக்கு. கமருன்னிசா அக்காவுக்கு நம்ம நாடகம் தெரியாது, யாரோ நல்ல பொண்ணு இந்த அமிர்தத்தைத் தேடி வந்திருக்குன்னு, அவ சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற இடத்துல இருப்பாம்மான்னு சொல்லி ஆட்டோவும் பிடிச்சு ஏத்தி விட்டுட்டாங்க. அக்கா மேல கோவப்படாத, அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல.

நான் முழங்கால் வரைக்கும் பூட்ஸும் கையில உறையும் போட்டுக்கிட்டு வாளியோட வந்துக்கிட்டு இருந்தேன். வாசல் கேட் பக்கத்துல வெளிர்நீல சுடிதார்ல ஒரு பொண்ணு வாட்ச்மேன்கிட்ட என் பேரைச் சொல்றது கேட்டுச்சு. நீ அனுப்புன போட்டோவுல பாத்த முகம். நான் என்ன செஞ்சேன்னு உன்கிட்ட மறைக்காம சொல்றேன். வாளியை அங்கயே வச்சுட்டு, காத்தடிக்கிற மோட்டார் ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அம்பத்தஞ்சு வயசுல, பேரப்பிள்ளை பாக்க வேண்டிய வயசுல, மருமகளா வரப்போறவ கண்ணுல படாம மோட்டாருக்குப் பின்னாடி குந்தி உக்காந்திருந்தேன். அந்த ரூம்ல சத்தம் அப்படி, நாம அழுதா நமக்கே கேக்காது. எவ்வளவு நேரமோ தெரியல, கூட வேலை பாக்குற இருதயமேரி கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. என் காதுகிட்ட குனிஞ்சு, "அக்கா, வந்திருக்கிறது ஒரு பொண்ணு, போலீசு இல்ல. எந்திரிங்க"ன்னு சொன்னா.

எந்திரிச்சேன். உறையைக் கழட்டி சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவுனேன். பூட்ஸைக் கழட்டலாம்னு குனிஞ்சவ கழட்டாமலே நிமிந்துட்டேன். நேரா அவ முன்னாடி போய் நின்னு சொன்னேன்.

"நான்தாம்மா ரஞ்சித்தோட அம்மா. இங்கதான் பதினோரு வருசமா வேலை. சாம்பிள் எடுக்குறேன்."

அவ என் முகத்தைப் பாத்தா, பூட்ஸைப் பாத்தா, அந்தப் பக்கம் நுரை சுத்துற தொட்டியைப் பாத்தா. மூக்கைப் பொத்தல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அவரு ஏன் ஆன்ட்டி இதை என்கிட்ட சொல்லல?"

அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியவன் நீ. நீ இல்லாததால நான் சொன்னேன். புங்கமரத்தடியில உக்கார வச்சு உங்க அப்பாவைப் பத்திச் சொன்னேன். அழகிரின்னு ஒருத்தர், பாதாளச் சாக்கடை லைன்ல வேலை பாத்தாரு, ஐப்பசி மழையில அடைச்சுக்கிட்ட ஒரு குழிக்குள்ள முதல்ல இறங்குனவன் சத்தம் குடுக்கலன்னு அவனைத் தூக்க இறங்குனாரு, உள்ள இருந்த விசவாயு ரெண்டு பேரையும் விடல. அப்ப என் பிள்ளை பிளஸ் டூ, நெஞ்சு வெடிக்க அழுதவன் பதினாறாம் நாளோட அழுகையை நிறுத்திட்டான். அப்பா வேலை எனக்கு வாரிசு வேலையா இங்க வந்துச்சு. கிளாஸ்ல எவனோ மூக்கைப் பிடிச்சுக் காட்டினான்னு பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை குளிப்பான். என் யூனிஃபார்ம் கொடியில காஞ்சதும் யாரும் பாக்குறதுக்குள்ள உள்ள எடுத்து மடிச்சு வச்சிடுவான். அவன் மறைக்கிறது அந்த நாளைத்தாம்மா, என்னை இல்லன்னு சொன்னேன். சொன்னது முழுசும் நெசமான்னு எனக்கே தெரியல, ஆனா ஒரு தாய்க்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல.

அவ கண்ணு கலங்குச்சு, ஆனா ஆறுதலா எதுவும் பேசல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என்ன சாம்பிள் எப்படி எடுப்பீங்கன்னு கேட்டா. சொன்னேன். அவ அங்க ஆஸ்பத்திரி லேப்ல ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிறவளாமே, நீ எனக்கு லேப்ல வேலைன்னு மட்டும் சொல்லியிருந்த. பாட்டில் மேல தேதி எழுதுறது, ஐஸ் பெட்டியில வைக்கிறது, ஒண்ணோட ஒண்ணு மாறாம பாக்குறது, எல்லாம் அவ வேலையும் என் வேலையும் ஒண்ணுதான். நான் ஒவ்வொரு ஆளா பாக்குறேன், நீங்க மொத்த ஊரையும் பாக்குறீங்கன்னு சொல்லிச் சிரிச்சா. அதுக்குள்ள ஆஃப்ரின் கூப்பிட்டுச்சு. அவளையும் கூட்டிக்கிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

ஷெட்டுல ஜன்னலை மறைச்சு இருட்டாக்கி வச்சிருந்தாங்க. ஆஃப்ரினோட அத்தா பட்டறையில செஞ்சு குடுத்த ஊசி மாதிரி ஒரு குழாய் முனை, அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடித் தடுப்பு, எங்களைத் தள்ளி நிக்க வச்சாங்க. பேராசிரியர் வால்வைத் திருப்புனாரு, ஆஃப்ரின் பத்த வச்சுது. டப்புன்னு ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், ஒண்ணும் தெரியல. எரியலையான்னு இருதயமேரி கேட்டா. எரியுது, இந்தத் தீ கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாதுன்னு சொல்லிட்டு ஆஃப்ரின் ஒரு மெல்லிசுக் கம்பியை அது மேல காட்டுச்சு. வெத்துக் காத்துல கம்பி செக்கச்செவேல்னு சிவந்துச்சு. அப்புறம் ஐஸ் தண்ணி ஊத்துன எவர்சில்வர் டம்ளரை இடுக்கியில பிடிச்சு அந்தத் தீக்கு மேல கொஞ்சம் தள்ளிக் காட்டுச்சு. டம்ளர் அடியில மெதுவா மூட்டம் போட்டுச்சு, மூட்டம் திரண்டு துளியாச்சு, துளி நடுங்கி நின்னுச்சு. ஹைட்ரஜன் எரிஞ்சா புகை கிடையாது, காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்து தண்ணியாத்தான் ஆகும், இந்தத் துளி இப்பத்தான் பிறக்குதும்மான்னு ஆஃப்ரின் சொல்லுச்சு.

எனக்கு அந்த நேரம் கால் தரையில இல்ல ரஞ்சித்து. அந்தத் துளியையே பாத்துக்கிட்டு நின்னேன். ஊர்ல யார் யாரோ, ரங்கநாதரைப் பாக்கக் குளிர்ல வரிசையில நின்னவங்க, பாலக்கரையில பாங்குச் சத்தத்துக்கு எழுந்து தொழுதவங்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க, பெரியாஸ்பத்திரியில படுத்துக் கிடக்கிறவங்க, எல்லாரும் விட்டெறிஞ்சது இருட்டுக்குள்ள மைல் மைலா நடந்து வந்து, கண்ணுக்குத் தெரியாத தீயா எரிஞ்சு, இப்படிப் பனித்துளியா தொங்குது. உங்க அப்பா இறங்குன குழியும் அந்த வழியிலதான இருக்கு. அந்தக் காத்து அவரை எடுத்துக்கிச்சு. அதே தண்ணியில இருந்து வந்த இந்தக் காத்து யாரையும் ஒண்ணும் செய்யாம டம்ளர் அடியில தண்ணியா நிக்குது. அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு, சோகமா எல்லாம் இல்ல, வேலை முடிச்சு வந்து லுங்கி மாத்திக்கிட்டு நிக்கிற மாதிரி. அப்ப என் கையை யாரோ பிடிச்சாங்க, திரும்பிப் பாத்தா சுபா. அவளும் துளியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. என் கையில அன்னைக்கு என்ன வாசம் இருந்துச்சோ எனக்குத் தெரியாது, அவ விடல.

அன்னைக்கு ராத்திரி அவ உன்கிட்ட பேசியிருக்கா, மறுநாள் நீ என்கிட்ட பேசுன. யாரைக் கேட்டு அவளை அங்க விட்ட, என் வாழ்க்கையை நாசம் பண்ணிட்ட, எத்தனை தடவை அந்த வேலையை விடுன்னு சொன்னேன்னு கத்துன. கத்துனதுல எனக்கு வருத்தம் இல்ல, பயத்துல கத்துறன்னு தெரியும். ஆனா பதில் சொல்லிடறேன். வேலையை விட மாட்டேன். இன்னும் அஞ்சு வருசம் சர்வீஸ் இருக்கு. மிஷின் இங்கயே இருக்கப் போகுது, வர்ற ஆடிக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு வைக்கிறாங்களாம், அதுக்குத் தினப்படி அளவு பாக்குற பொறுப்பை எனக்குக் குடுத்திருக்காங்க. ஆஃப்ரின் எழுதுற ஆராய்ச்சிக் கட்டுரையில அளவு எடுத்தது யாருன்னு என் பேரும் வருமாம். இது நாளைக்கே ஊருக்கெல்லாம் அடுப்பெரிக்கும்னு நினைக்காத, இன்னும் நிறைய இருக்கு, தகடு எத்தனை வருசம் தாங்கும்னு அவங்களுக்கே தெரியல, வெளிய வர்ற ஹைட்ரஜனும் கொஞ்சூண்டுதான். ஆனாலும் காலையில எந்திரிக்கிறப்ப இன்னைக்கு அது எவ்வளவு விட்டிருக்கும்னு பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. வேலைக்குப் போக ஆசையா இருக்குன்னு நான் சொல்றது இந்தப் பதினோரு வருசத்துல இதான் முதல் தடவை.

போன ஞாயித்துக்கிழமை சுபா அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தா. நான் பட்டு கட்டல, சுங்குடிச் சேலைதான் கட்டியிருந்தேன். அவங்க அம்மாகிட்ட அவளே எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கூட்டியாந்திருக்கா. அந்தம்மா நாற்காலி நுனியில உக்காந்திருந்தாங்க. காபி குடுத்தேன், பாதி குடிச்சாங்க. உங்க அப்பா போட்டோவை ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க வீட்டுக்காரரு உத்திர வீதியில பாத்திரக்கடை வச்சிருக்காரு, அவரு வரல, வருவாரான்னும் சொல்லல. போறப்ப வாசல்ல நின்னு, பொண்ணு பிடிவாதக்காரி, நாங்க யோசிக்க டயம் வேணும்னு சொல்லிட்டு என் கையைத் தொட்டுட்டுப் போனாங்க. மனசுல இருந்ததை அப்படியே சொன்னாங்க, அதுவே எனக்குப் போதும். நல்லபடியா முடியும்னு நான் உனக்கு வாக்குக் குடுக்க முடியாது. ஆனா இனிமே அதுல மறைச்சு வைக்க ஒண்ணும் இல்ல, அது எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா.

சுபா என்ன முடிவு பண்ணியிருக்கான்னு நானும் கேட்டேன். அவளுக்கு என் வேலையில ஒரு குறையும் இல்லையாம். ரெண்டு வருசமா தினமும் பேசுன மனுசன் அம்மாவையே மறைச்சாரே, இன்னும் எதை மறைப்பாருன்னு இருக்கு அத்தைன்னு சொன்னா. ஆமாம், இப்ப அத்தைன்னுதான் கூப்பிடுறா. அதை அவனையே கேளுன்னுட்டேன்.

வர்ற செவ்வாய்க்கிழமை அவ அங்க கிளம்புறா. இந்த லெட்டர் தபால்ல வராது. அவ பையிலதான் வருது, பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கூட வருது. உன் கையில குடுத்துட்டு நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருப்பேன்னு சொல்லியிருக்கா. அதனால இப்ப அவ உன் எதிர்லதான் இருப்பா. நீ நிமிந்து பாக்குறதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பா. மன்னிச்சுக்கன்னு ஆரம்பிக்காத, அது அப்புறம். முதல்ல உங்க அப்பா எப்படிச் சிரிப்பாரு, மழை வந்தா உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு எப்படி ஓடுவாரு, அதைச் சொல்லு. அந்தக் குழியைப் பத்தியும் உன் வாயாலயே சொல்லு. நடுவுல அழுகை வந்தா அழு, பதினோரு வருசமா பாக்கி இருக்கு.

நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தாலும் நீரும் நெருப்பும் உங்களுக்கு நல்லதாவே அமையட்டும், ஆயுசும் பலமும் குறையாம இருக்கட்டும். ஊறுகாயைக் கரண்டி போட்டு எடு, ஈரக் கையை விடாத, பூசணம் பிடிச்சுடும். காதை மூடிக்கிட்டு வெளிய போ.

இப்படிக்கு உன் அம்மா,
அ. அமிர்தம்,
சாம்பிள் எடுப்பவர்,
கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், திருச்சி.